காதால் படித்தவர்களின் கருத்து: வடசென்னை வாசிப்பு வரலாற்றுக்குச் சில குறிப்புகள்

தமிழில் வாசிப்பின் வரலாற்றை எழுத முனைவோர் முதலில் தேடுவது அச்சில் கிடைக்கும் சான்றுகளைத்தான். சாற்றுகவிகள், முன்னுரைகள், மதிப்புரைகள், இதழ்களில் வெளியான வாசகர் கடிதங்கள், எழுத்தாளர்களின் தன்வரலாறுகள் ஆகியவற்றைத் திரட்டினால் எந்த நூல் எக்காலத்தில் எவரால் எவ்வாறு எதிர்கொள்ளப்பட்டது என்பதை ஓரளவு சொல்லிவிட முடியும். ஆனால் இச்சான்றுகள் அனைத்தும் எழுதத் தெரிந்தவர்கள் விட்டுச் சென்றவை. அவர்களிலும், எழுதி அனுப்பினால் அச்சேறும் என்ற நம்பிக்கை உடையவர்கள் விட்டுச் சென்றவை. 1951ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இன்றைய தமிழ்நாட்டு நிலப்பரப்பில் எழுத்தறிந்தோர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே. எஞ்சிய நால்வருக்கும் நூல்களைப் பற்றிக் கருத்தே இல்லையா? இருந்திருப்பின் அது எங்கே, எந்த வடிவில் வெளிப்பட்டது?

இக்கேள்விக்கு விடை தேட நாம் கொருக்குப்பேட்டையை நடுவில் வைத்துக்கொள்கிறோம். இலக்கிய வரலாற்றில் பெயர் அடிபடாத ஊர் இது. சென்ட்ரலிலிருந்து வடக்கே போகும் இருப்புப் பாதையும், கடற்கரை நிலையத்திலிருந்து ராயபுரம், வண்ணாரப்பேட்டை வழியாக வரும் பாதையும் கூடுமிடம். சரக்கு ரயில்களின் ஊர். பக்கிங்காம் கால்வாய் தொட்டுச் செல்லும் ஊர். ஆயினும் இதைச் சுற்றி நடந்தும் மிதிவண்டியிலும் போய்வரக்கூடிய தொலைவுகளில் வாசிப்பு வரலாற்றின் முக்கியமான இடங்கள் வரிசையாக வருகின்றன. வடக்கே திருவொற்றியூர், மேற்கே பெரம்பூர், கிழக்கே ராயபுரம், தெற்கே வண்ணாரப்பேட்டையும் ஏழுகிணறும் அவற்றைத் தாண்டி ஜார்ஜ் டவுனும். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக நூல்களைப் பற்றி உரத்த குரலில் கருத்துரைத்த வட்டாரம் இது. அக்கருத்துகள் பெரும்பாலும் பேச்சாகவே வெளிப்பட்டதால் பெரும்பாலும் பதிவாகவில்லை என்பதே நாம் இங்கே சொல்ல விழைவது.

வள்ளலாரிலிருந்து தொடங்கலாம். 1823இல் மருதூரில் பிறந்த இராமலிங்கர் சிறுவயதிலேயே சென்னைக்கு வந்து, ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் வளர்ந்தவர். கந்தகோட்டத்து முருகனைப் பாடினார்; திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்து சென்று வழிபட்டார்; அவ்வூர் அம்மன்மீது வடிவுடை மாணிக்க மாலை பாடினார். 1850களின் இறுதியில் அவர் சென்னையை விட்டு நீங்கினார். அவருடைய பாடல்கள் 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியாரின் முயற்சியில் அச்சேறின. நூலுக்கு இடப்பட்ட பெயர் 'திருவருட்பா'. பகுதிகளுக்கு இடப்பட்ட பெயர் 'திருமுறை'. பெரும் பூசல் வெடித்தது இப்பெயர்களாலேயே. தேவார திருவாசகங்களுக்கே உரிய பெயரை உடன் வாழும் ஒருவரின் பாடல்களுக்கு எப்படி இடலாம் என்பது யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரின் கேள்வி. 1869இல் அவர் தரப்பிலிருந்து 'போலியருட்பா மறுப்பு' வந்தது. கண்டனங்களும் கண்டனங்களுக்குக் கண்டனங்களும் தொடர்ந்தன.

பூசல் வள்ளலாரோடும் நாவலரோடும் ஓய்ந்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது சென்னையில் மீண்டும் மூண்டது. மருட்பாக் கட்சியின் குரலாக நின்றவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நா. கதிரைவேற் பிள்ளை, அருட்பாக் கட்சிக்காகப் பேசியவர், அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்துவந்த வேதாசலம் என்னும் மறைமலையடிகள். 1903இல் மேடைகள் சூடாயின. 1904இல் விவகாரம் நீதிமன்றம் சென்றது. கதிரைவேற் பிள்ளையின் மாணவராக இருந்த திரு.வி.க., வழக்கில் சாட்சியாகச் சென்றதால் தம் பள்ளித் தேர்வை எழுத இயலாமல் போயிற்று என்று தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். ஒரு நூலைப் பற்றிய கருத்துக்காக இளைஞன் ஒருவன் தன் தேர்வையே இழந்திருக்கிறான். அதே திரு.வி.க. பின்னாளில் வள்ளலாரைப் போற்றி நூல் எழுதினார் என்பதும் சேர்த்து நினைக்கத்தக்கது. வாசகனின் கருத்து மாறும். மாறுவதற்குக் காலமும் கேட்ட குரல்களும் வேண்டும்.

இப்பூசலின் கண்டன நூல்களை ப. சரவணன் பெருமுயற்சியுடன் தேடித் தொகுத்திருக்கிறார். அத்தொகுப்பு இருப்பதால்தான் புலவர்கள் என்ன சொன்னார்கள் என்பது நமக்குத் தெரிகிறது. ஆனால் புலவர்களின் மேடைக்குக் கீழே ஒரு கூட்டம் இருந்தது. அருட்பாப் பாடல்களைப் பாடக் கேட்டு மனத்தில் வாங்கியவர்கள், நூலைக் கையில் எடுத்தறியாதவர்கள் அக்கூட்டத்தில் இருந்தனர். இன்றும் கந்தகோட்டத்திலும் ஒற்றியூரிலும் அப்பாடல்கள் ஒலிக்கின்றன. 'இது அருட்பாவா, மருட்பாவா' என்ற வழக்கில் இறுதித் தீர்ப்பை வழங்கியவர்கள் அவர்களே எனலாம். அத்தீர்ப்பை அவர்கள் எழுதி வழங்கவில்லை. தொடர்ந்து பாடி வழங்கினார்கள்.

நூலைப் பற்றிய கருத்து சமூகத்தைப் பற்றிய கருத்தாகவும் இருக்கும் என்பதை இப்பூசலுக்குச் சில ஆண்டுகள் கழித்து அயோத்திதாசர் வேறொரு தளத்தில் காட்டினார். அவர் 1907இல் ராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. மறு ஆண்டில் 'தமிழன்' ஆயிற்று. விலையையே பெயராகக் கொண்ட இதழ் எவரை நோக்கி வந்தது என்பதற்கு விளக்கம் தேவையில்லை. அவருடைய பௌத்த இயக்கம் கோலார் தங்கவயல் முதல் ரங்கூன் வரை உழைக்கும் மக்களிடையே பரவியது. அவ்விதழில் அவர் செய்த முக்கியமான பணிகளுள் ஒன்று பழைய நூல்களை மறுவாசிப்புச் செய்தது. திருக்குறளின் உண்மைப் பெயர் 'திரிக்குறள்' என்றும் அது பௌத்தத்தின் திரிபிடகத்தோடு தொடர்புடையது என்றும் வாதிட்டு உரை எழுதினார். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடம் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பனே குறளின் ஏடுகளை எல்லிசிடம் சேர்த்தவர் என்றும் எழுதினார். அவருடைய சொல்லாராய்ச்சி எல்லோருக்கும் ஏற்புடையதாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் 'இந்நூல் எங்கள் வீட்டிலிருந்து போனது. இதைப் பற்றிச் சொல்ல எங்களுக்கும் உரிமை உண்டு' என்று ஒடுக்கப்பட்ட மக்களின் சார்பில் ஒலித்த குரல் அது. வாசகர் கருத்து என்பதன் முழுப் பொருளும் அக்குரலில் அடங்கியிருக்கிறது.

பெரம்பூரில் நடந்தது இதனினும் வியப்பானது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் அங்கே பல்லாயிரம் தொழிலாளரைக் கொண்டிருந்தன. அப்பகுதியில் துணிக்கடை வைத்திருந்த கோ. செல்வபதி செட்டியாரும் அவருடைய நண்பர் ராமாநுஜலு நாயுடுவும் 'ஸ்ரீ வேங்கடேச குணாமிர்தவர்ஷினி சபை' என்றொரு சபையை நடத்திவந்தனர். சமயச் சொற்பொழிவுகளே சபையின் வேலை. ஆலைத் தொழிலாளர்கள் ஓய்வு நாளில் அங்கே வந்து புராணம் கேட்டனர். கேட்டவர்கள் தங்கள் குறைகளையும் பேசத் தொடங்கினர். உண்ணக் கிடைக்கும் நேரம் போதவில்லை, மேஸ்திரி அடிக்கிறார், கூலி காணவில்லை என்பன போன்ற முறையீடுகள் செட்டியாரின் கடைக்கு வந்தன. 1918இல் திரு.வி.க. அச்சபையில் வந்து பேசினார், பி.பி. வாடியா வந்தார். அவ்வாண்டு ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகப் பலராலும் கருதப்படும் சங்கம் அது.

தொழிற்சங்க வரலாற்றாசிரியர்கள் இந்தச் சபையைச் சங்கத்துக்கு முந்தைய படிக்கட்டாக மட்டும் சொல்லிக் கடந்துவிடுகின்றனர். வாசிப்பு வரலாற்றின் நோக்கில் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒருவர் நூலை விளக்க, நூறு பேர் கேட்டு, கேட்டதைத் தம் வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பேசும் பழக்கம் அங்கே முன்னமே இருந்திருக்கிறது. அப்பழக்கம் இல்லாமல் துணிக்கடை வாசல் சங்கத்தின் வாசலாகியிருக்காது. திரு.வி.க.வின் 'தேசபக்த'னும் 'நவசக்தி'யும் இதே வகையில் கூடிப் படிக்கப்பட்ட காலத்தின் ஏடுகள். 1923 மே முதல் நாளில் சென்னையில் மே தினம் கொண்டாடிய ம. சிங்காரவேலர் பின்னர் 'குடிஅரசு' இதழில் டார்வினையும் வானியலையும் பற்றி எழுதியபோதும், ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் வாசிப்பு தமிழகத்தில் வழக்கிலிருந்தது. தமிழில் வாய்விட்டுப் படிக்கும் வழக்கம் குறைந்து மௌன வாசிப்பு பரவியதை ஆ.இரா. வேங்கடாசலபதி தம் ஆய்வுகளில் விரிவாக விளக்கியுள்ளார். அம்மாற்றம் நடுத்தர வர்க்க வீடுகளில் முதலில் நிகழ்ந்தது. ஆலையும் துறைமுகமும் சூழ்ந்த பகுதிகளில் கூட்டு வாசிப்பு நெடுங்காலம் நீடித்தது.

இவ்வட்டாரத்தார் கையில் கிடைத்த நூல்களும் ஒரு வகையாக இல்லை. பூங்கா நகரத்துக் குஜிலிக் கடைத் தெருவில் கொலைச் சிந்து, ரயில் விபத்துச் சிந்து, சிறைச் சிந்து என்று மலிவு விலைப் பாட்டுப் புத்தகங்கள் விற்றன. விற்பவரே பாடிக் காட்டி விற்பார். பிடித்திருந்தால் வாங்குவார்கள், இல்லையெனில் நகர்ந்துவிடுவார்கள். இதைவிட நேரடியான வாசகர் கருத்து வேறென்ன இருக்க முடியும்? இரத்தின நாயகர் போன்றோர் அச்சிட்ட 'பெரிய எழுத்து'க் கதைப் புத்தகங்கள், எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் மங்கிய விளக்கொளியில் படிக்க ஏற்றவையாக இருந்தன. அல்லி அரசாணி மாலையும் தேசிங்கு ராஜன் கதையும் அவ்வடிவில் பரவின. 1900இல் திறக்கப்பட்டு 1985இல் தீக்கிரையான மூர் மார்க்கெட், பழைய புத்தகங்களின் பெருங்கடலாக இருந்தது. ஆங்கில நாவலும் மருத்துவ நூலும் கம்பராமாயண உரையும் துப்பறியும் கதையும் அங்கே ஒரே குவியலில் கிடந்தன. 1951இல் தோன்றிய நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியாக மாஸ்கோவில் அச்சான தமிழ் நூல்கள் மலிவு விலையில் வந்தன. தொ.மு.சி. ரகுநாதன் மொழிபெயர்த்த கார்க்கியின் 'தாய்' தொழிற்சங்கத்தாரின் நூலாயிற்று.

இத்தகைய கலவையைக் கொண்டு வளர்ந்த வாசகனுக்கு 'தீவிர இலக்கியம்', 'வணிக எழுத்து' என்ற பாகுபாடு பழக்கமில்லை. சிற்றிதழ்ச் சூழலில் ஊறிய நமக்கு இது குறையாகத் தோன்றக்கூடும். ஆனால் வேறு அளவுகோல்கள் அவனிடம் இருந்தன என்று கொள்வதற்கு இடமிருக்கிறது. உரக்கப் படிக்கும்போது தடையில்லாமல் வருகிறதா, கேட்டவன் மறுநாள் இன்னொருவனிடம் சொல்ல முடிகிறதா, சொல்லப்பட்ட வாழ்க்கை நாம் அறிந்த வாழ்க்கையா என்பவை காதால் படிப்பவன் இயல்பாகக் கேட்கக்கூடிய கேள்விகள். நம் விமர்சன மொழியில் இவற்றுக்கு நடை, கதைத்தன்மை, நம்பகம் என்று பெயரிடுகிறோம்.

கருத்து சொல்வது பெருங்கூட்டத்தின் முன்னே நிகழ்ந்த தருணங்களுள் தலையாயது 1943 பிப்ரவரியில் சென்னைச் சட்டக் கல்லூரியில் நடந்த சொற்போர். கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தலாமா என்பது பொருள். கொளுத்த வேண்டும் என்ற தரப்பில் அண்ணா. கூடாது என்ற தரப்பில் ரா.பி. சேதுப்பிள்ளை. அடுத்த மாதம் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாருடன் இரண்டாம் சொற்போர். இவ்வுரைகள் பின்னர் 'தீ பரவட்டும்' என்ற நூலாக வந்தன. நூல்களைக் கொளுத்துதல் என்னும் எண்ணத்தை நாம் ஏற்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொளுத்த வேண்டும் என்றவர் கம்பனைப் படித்திருந்தார். பாடல்களை எடுத்துக் காட்டினார். கூடாது என்றவரும் எதிர்த் தரப்பின் கேள்வியை மதித்து மேடைக்கு வந்தார். எண்ணூறு ஆண்டுப் பழமையான காப்பியம் ஒன்றைப் பற்றிப் புலவரும் அரசியல்வாதியும் ஒரே மேடையில் வாதிட, கல்லூரியின் எல்லைக்கு வெளியிலும் அவ்வாதம் பல்லாண்டு ஒலித்தது. கம்பனைப் படித்தறியாத எத்தனையோ பேருக்குக் கம்பனைப் பற்றி ஒரு கருத்து உண்டானது அப்போதுதான்.

1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில் தெருமுனைப் படிப்பகங்கள் பெருகின. ஓலைக் கூரை அல்லது தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, சுவரில் தலைவர்களின் படம், மேசையில் 'திராவிட நாடு', 'முரசொலி', 'விடுதலை'. பொதுவுடைமைக் கட்சியின் மன்றமானால் 'ஜனசக்தி'. காலையில் முடிதிருத்தும் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் படிக்கப்பட்டது மாலையில் படிப்பகத்தில் மீண்டும் படிக்கப்படும். ஒருவர் படிப்பார், மற்றவர்கள் நடுவில் நிறுத்திக் கேட்பார்கள், மறுப்பார்கள், சிரிப்பார்கள்.

இதே காலத்தில் அரசின் பொது நூலகமும் வளர்ந்தது. எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பால் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. வீட்டுவரியோடு சேர்த்து நூலக வரி தண்டி நூலகம் நடத்த வழிசெய்தது. அதன் அருமையைக் குறைத்துச் சொல்ல நாம் விரும்பவில்லை. எனினும் பொது நூலகத்தின் விதி 'அமைதி காக்க'. படிப்பகத்தில் அவ்விதி செல்லாது. நூலை வீட்டுக்கு எடுத்துச் செல்லக் காப்புத் தொகையும் முகவரியும் வேண்டும். கால்வாய்க் கரைக் குடிசைக்கு முகவரி ஏது? படிப்பகத்துக்கு வருபவனிடம் எவரும் முகவரி கேட்கவில்லை.

இந்த வட்டாரத்தின் பேச்சு மரபு உச்சம் தொட்டது ப. ஜீவானந்தத்திடம். 1930களில் பகத்சிங்கின் 'நான் நாத்திகன் ஏன்?' கட்டுரையைத் தமிழாக்கியதற்காக ஆங்கில அரசின் வழக்கைச் சந்தித்தவர் அவர். ஒரு நூலைப் பற்றிய கருத்துக்கு என்ன விலை என்பதை அறிந்தவர். 1952 பொதுத் தேர்தலில் வண்ணாரப்பேட்டைத் தொகுதி மக்கள் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினர். கம்பனையும் பாரதியையும் அவர் தொழிலாளர் கூட்டங்களுக்கே கொண்டு சென்றார். அரசியல் கூட்டத்தில் கவிதை பேசுவது ஒரு கலைஞனின் அலங்காரமாக அவரிடம் அமையவில்லை. பாரதியைப் பற்றிய கருத்தும் கூலி உயர்வைப் பற்றிய கருத்தும் ஒரே மூச்சில் வரக்கூடியவை என்று அவர் நம்பினார். 1959இல் 'தாமரை' இதழையும் 1961இல் கலை இலக்கியப் பெருமன்றத்தையும் அவர் தொடங்கியது அந்நம்பிக்கையின் தொடர்ச்சியே. 1963இல் அவர் மறைந்தபோது சுந்தர ராமசாமி எழுதிய கட்டுரைக்கு இட்ட தலைப்பு 'காற்றில் கலந்த பேரோசை'. ஜீவாவுக்குப் பொருந்திய அத்தலைப்பு அவரைக் கேட்டவர்களுக்கும் பொருந்தும். பேசியவரின் உரைகளில் ஒரு பகுதியேனும் நூலாகியிருக்கிறது. கேட்டவர்கள் வீடு திரும்பும் வழியில் பேசிக்கொண்டது முழுவதும் காற்றோடு போயிற்று.

இனி எழுத்து மரபைப் பார்ப்போம். ஏறத்தாழ இதே ஆண்டுகளில் க.நா.சு. 'படித்திருக்கிறீர்களா?' என்ற நூலை வெளியிட்டார். தமிழ் வாசகனுக்குப் பலவகை நூல்களைத் தனிமனித ரசனையின் அடிப்படையில் அறிமுகம் செய்த முன்னோடி முயற்சி அது. 1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கினார். வெகுஜன இதழ்களிலும் வாசகர் கடிதங்கள் வலிமை பெற்றன. 1966இல் ஆனந்த விகடனில் வந்த ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' இதற்குச் சிறந்த சான்று. கெடுக்கப்பட்ட மகளைத் தாய் தலையில் நீரூற்றி ஏற்றுக்கொண்டதைப் பல வாசகர்களால் ஏற்க முடியவில்லை. எதிர்ப்புகள் குவிந்தன. அந்தத் தாய் அவ்வாறு செய்யாதிருந்தால் அப்பெண்ணின் வாழ்வு என்னவாகியிருக்கும் என்று எழுதிக் காட்டிய நாவலே 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. வாசகரின் கருத்து ஒரு பெரிய நாவலைப் பிறப்பித்தது என்று நாம் பெருமையோடு சொல்கிறோம், சொல்லவும் வேண்டும்.

ஆனால் கடிதம் எழுதியவர்கள் யார்? அஞ்சலட்டை வாங்கவும் முகவரி எழுதவும் பழகியவர்கள். ஜெயகாந்தனின் கதைகளில் பெரும்பகுதி குடிசைப் பகுதி மக்களைப் பற்றியது. 'உன்னைப் போல் ஒருவன்' அவர்களுடைய கதை. அக்கதைகளைப் பற்றி அம்மக்கள் என்ன நினைத்தார்கள்? தங்கள் பேச்சு அச்சில் வந்ததைக் கேட்டபோது மகிழ்ந்தார்களா, வெட்கினார்களா, 'இது நம் பேச்சே இல்லை' என்றார்களா? அக்ரகாரத்துப் பெண்ணின் கதைக்கு வந்த எதிர்வினையை இலக்கிய வரலாறு அறியும். சேரிச் சிறுவனின் கதைக்குச் சேரியில் எழுந்த எதிர்வினையை அது அறியாது.

இவ்விடத்தில் நாம் பேச்சு மரபை வானளாவப் புகழ்ந்துவிடவும் கூடாது. அதன் குறைகள் கண்கூடு. மேடையில் ஒருவர் சொன்ன கருத்தே கீழிருந்த ஆயிரம் பேரின் கருத்தாகிவிடும் ஆபத்து அதில் எப்போதும் இருந்தது. கைதட்டல் ஒரு கருத்துதான். ஆனால் அதில் 'ஆயினும்' என்ற சொல்லுக்கு இடமில்லை. நூலைத் தொடாமலேயே நூலை வெறுக்கவும் போற்றவும் அது பழக்கிவிடும். ஒரு கட்சியின் படிப்பகத்தில் மறு கட்சியின் ஏடு கிடைப்பதும் அரிது. எல்லாவற்றிலும் பெரிய குறை, படிப்பக பெஞ்சுகளில் பெண்கள் உட்கார்ந்ததில்லை என்பது. தெருக் குழாயடியிலும் மீன் சந்தையிலும் அவர்கள் கதை பேசினார்கள். அது எந்தக் கணக்கிலும் வரவில்லை. முறையாக எழுதப் பழகாத நிலையில், தாம் சொல்லச் சொல்லத் தோழி ஒருத்தி எழுத, முதல் நூலை உருவாக்கிய வை.மு. கோதைநாயகி பின்னர் 'ஜகன்மோகினி' இதழையே நடத்தினார். ஆனால் அவருக்குக் கிடைத்த தோழியும் இதழும் வடசென்னையின் பெண்களில் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும்?

ஆகவே இரு மரபுகளில் எது உயர்ந்தது என்பது நம் கேள்வி ஆகாது. எழுத்து மரபு தனிமனிதனுக்குத் தன் கருத்தைத் தானே அடைய இடம் கொடுத்தது. மேடைக்கு அஞ்சாமல் மாறுபட வழிசெய்தது. பேச்சு மரபு, பள்ளி வாசலை மிதிக்காதவனையும் நூல் பற்றிய விவாதத்துக்குள் இழுத்து உட்காரவைத்தது. முன்னதன் சான்றுகள் மட்டும் மிஞ்சியதால், தமிழ் வாசகன் என்றதுமே மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ கும்பகோணத்திலோ சாய்வு நாற்காலியில் மௌனமாகப் படிக்கும் ஒருவரின் உருவம் நம் மனத்தில் எழுகிறது. கொருக்குப்பேட்டைப் பக்கத்துப் பெஞ்சில் அமர்ந்து, தோழன் படிப்பதைக் கேட்டு 'மறுபடி படி' என்று சொல்லக்கூடியவரின் உருவம் எழுவதில்லை. வரலாற்றில் விடுபட்டவர் வாசகர் என்ற தகுதியையும் சேர்த்தே இழக்கிறார்.

இவ்விழப்பு இன்றும் தொடர்கிறது. பி அண்டு சி ஆலை 1996இல் மூடப்பட்டது. ஆலைகளும் சங்கங்களும் தளர்ந்தபின் படிப்பகங்களும் தளர்ந்தன. முதலில் வானொலி, பின்னர் தொலைக்காட்சி, இன்று கைப்பேசி ஆகியவை அவற்றின் இடத்தை எடுத்துக்கொண்டன. மறுபுறம், ஒரு காலத்தில் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் அடுத்த தலைமுறை எழுதத் தொடங்கியிருக்கிறது. கரன் கார்க்கியின் 'கறுப்பர் நகரம்' போன்ற நாவல்களும் பாக்கியம் சங்கரின் எழுத்துகளும் இப்பகுதியின் பேச்சையும் நினைவையும் அச்சுக்குக் கொண்டுவந்திருக்கின்றன. இவ்வெழுத்துகளை மதிப்பிடும்போது 'வட்டார வழக்கு', 'விளிம்புநிலை' என்ற சொற்களோடு நிறுத்திக்கொள்வது போதாது. இவற்றின் வாக்கிய ஓட்டத்தில் படிப்பகத்தின் குரல் இருக்கிறதா, மேடைப் பேச்சின் தாளம் இருக்கிறதா, குஜிலிச் சிந்தின் வேகம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இவர்களுக்கு முன்னோர் இலக்கிய இதழ்களில் மட்டும் இல்லை.

செய்யக்கூடிய பணி ஒன்று எஞ்சியிருக்கிறது. அதற்குக் காலம் அதிகமில்லை. 1950களிலும் 60களிலும் படிப்பகங்களில் சிறுவராக அமர்ந்து பெரியவர்களுக்குப் படித்துக் காட்டியவர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த சிறுவனே பல இடங்களில் படிப்பவனாக இருந்தான். எந்த நூலைப் படித்தீர்கள், எங்கே நிறுத்தச் சொன்னார்கள், எதற்குச் சிரித்தார்கள், எதற்குச் சண்டையிட்டார்கள் என்று அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யலாம். குழாயடியில் கதை சொன்ன பாட்டிகளிடம் எந்தக் கதை எந்தப் புத்தகத்திலிருந்து எவர் வாய் வழியாக வந்தது என்று கேட்கலாம். தொழிற்சங்க அலுவலகங்களிலும் பழைய மன்றங்களிலும் நூல் வழங்கிய ஏடுகள் மிஞ்சியிருந்தால் படியெடுத்து வைக்கலாம். இதற்குப் பல்கலைக்கழக ஆணை தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் பொறுமையும் போதும்.

க.நா.சு. தம் நூலின் தலைப்பிலேயே வாசகனைப் பார்த்துப் 'படித்திருக்கிறீர்களா?' என்று கேட்டார். வடசென்னையில் கேட்க வேண்டிய கேள்வி, 'படிக்கக் கேட்டிருக்கிறீர்களா?' என்பது. விடை சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.